நின்ற குற்றம்

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புதுதில்லி.
பொருள்: கட்டுத்தரையில் சும்மா நிற்கும் வண்டிகளின் ஒழுங்கீனம் தொடர்பாக.

ஐயா,

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் ஒரு வண்டி நின்றுகொண்டிருக்கும். ராசிபுரத்தில் புளியமரத்தடியில் ஒரு மொபெட், சங்ககிரியில் சுவரோரம் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று காலாவதியான லாரி, திருச்செங்கோட்டில் போர் போட யாரும் கூப்பிடாத ரிக் வண்டி. மூன்றும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பவை. பதிவில்லாத வண்டியைப் பொது இடத்திலோ வேறெங்குமோ ஓட்டக் கூடாது என்பதுதான் 39-ஆவது பிரிவு. வைத்திருக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. சொந்தக் களத்தில் கோழி அடைகாக்க இடம்கொடுத்து நிற்கும் வண்டிமேல் சட்டத்துக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. மனத்தாங்கலெல்லாம் தங்கள் கட்டண அட்டவணைக்குத்தான்.

2021 அக்டோபரில் தாங்கள் அறிவித்து, 2022 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, 15 ஆண்டு முடிந்த காரின் பதிவுச் சான்றை (ஆர்.சி.) புதுப்பிக்கத் தவறினால் மாதம் 500 ரூபாய், இருசக்கர வண்டியானால் 300, எஃப்.சி. தவறிய லாரிக்கு நாள் ஒன்றுக்கு 50. மூன்று ஆண்டு அசையாமல் கிடந்த கார் மறுபடி சாலையைப் பார்க்க வேண்டுமானால் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 போக, தாமதத்துக்கு மட்டும் 18,000. மொபெட்டுக்கு 10,800; அந்த விலைக்கு அதை எடுத்துக்கொள்ளச் சொன்னால் காயலாங்கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். இனி 192-ஆவது பிரிவைப் பார்க்கலாம். பதிவில்லாத வண்டியைத் துணிந்து ஓட்டி முதல் முறை மாட்டிக்கொண்டவருக்கு அபராதம் 2,000 முதல் 5,000 வரை. ஓடிய திருட்டுத்தனத்துக்கு உச்சமே ஐயாயிரம். நின்ற யோக்கியத்துக்குப் பதினெட்டாயிரம்.

லாரியின் கதை இன்னும் தத்துவார்த்தமானது. எஃப்.சி. இல்லாத லாரியைச் செல்லத்தக்க பதிவுள்ள வண்டியாகவே கருதக் கூடாது என்கிறது 56-ஆவது பிரிவு. சரி, பதிவில்லாத வண்டி என்றே வைத்துக்கொள்வோம். பிறகு அது நின்ற ஒவ்வொரு நாளுக்கும் 50 வீதம், ஆண்டுக்கு 18,250 ரூபாய் எந்தப் பேரேட்டில் ஏறுகிறது? பிடிக்கும்போது பதிவில்லாதது, வசூலிக்கும்போது பதிவுள்ளது. அத்வைதிகள்கூட இவ்வளவு லாவகமாக மாறிப் பேசியதில்லை.

கட்டணம் இல்லாவிட்டால் பழைய வண்டிகளை இரவோடு இரவாக ஓட்டிவிடுவார்களே என்று தாங்கள் கேட்கலாம். ஓட்டட்டும், பிடியுங்கள், அதற்குத்தான் 192 இருக்கிறது. திருடுவான் என்று நினைத்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனிடம் வாடகை வாங்குவது காவல் ஆகாது. பழைய டயரில் மழைநீர் தேங்கிக் கொசு பெருகுகிறது என்பது நியாயமான புகார். ஆனால் மாதம் 500 ரூபாய் கட்டினால் தண்ணீர் வடிந்துவிடுவதில்லை, அது ஊராட்சியும் சுகாதாரத் துறையும் பார்க்கவேண்டிய வேலை. உடைத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்பது மூன்றாவது வாதம். 2021-இலேயே உடைப்பு நிலையங்களுக்கு விதிகள் எழுதிவிட்டீர்கள், வாழ்த்துகள். நிரந்தரமாகப் பயனற்றுப்போன வண்டியைப் பற்றி 14 நாளில் தெரிவிக்கச் சொல்கிறது 55-ஆவது பிரிவு. கட்டுத்தரை வண்டி சாகவில்லையே! தவணைப் பணம் புரளும்வரை, மகன் ஊர் திரும்பும்வரை, லோடு கிடைக்கும்வரை அது காத்திருக்கிறது.

காத்திருப்பதற்கு ஒரு படிவம் உலகில் இல்லாததும் அல்ல. பிரிட்டனில் 1998 முதல் 'வண்டி சாலைக்கு வராது' என்று எழுதிக்கொடுத்துவிட்டுச் சொந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். கேரளத்தில் ஓடாத காலத்து வரியிலிருந்து விலக்குப் பெற ஜி படிவம் இருக்கிறது. விசாகப்பட்டினம் உருக்காலையின் மதிலுக்குள் மட்டும் ஓடிய வண்டிகளிடம் வாகன வரி கேட்க முடியாது என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அது ஆந்திர வரிச் சட்டம், இது தங்கள் கட்டணம், இரண்டும் வேறு என்பது தெரியும். ஆனால் ஓடிய வண்டிக்கே அந்தச் சலுகை. எங்கள் வண்டிகள் ஓடவுமில்லை.

ஆகவே காத்திருக்கும் வண்டிக்கென ஒரு படிவத்தைத் தாங்களும் அச்சிட வேண்டும். அதுவரை, வசூலிக்கும் ரசீதில் 'தாமதத்துக்கு' என்று போடாமல், 'நின்றதற்கு' என்று போட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கட்டுத்தரை வண்டிகள் சார்பில் ஒரு குடிமகன்