முத்திரை குத்திய ஊர்கள்

வன்னியம்பட்டி மச்சான் போனில் சொன்ன வழி ஒரே வரிதான்: "விலக்குல இறங்கி நில்லுங்க மாப்ள, வந்துர்றேன்."

முதலில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனார். வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததுமே என் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. பின்னே? பிறந்ததிலிருந்து அதைத் தாலுகா ஆபீஸ் காகிதங்களில் பார்த்தே பழக்கம். 'ரெண்டு ஜெராக்ஸ், ஒரு போட்டோ' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான். 1949 முதல் அரசு முத்திரையில் நிற்பது இந்தக் கோபுரம்தான் என்கிறது ஊர். மதுரைக்காரர்களோ அது மீனாட்சி கோயில் மேற்குக் கோபுரம் என்பார்கள். மச்சானிடம் கேட்டேன்.

"சித்திரையில அழகர் ஆத்துல இறங்கணும்னா எங்க ஆண்டாள் மாலை போகணும். அப்ப கோபுரம் மட்டும் அவங்களுதா?"

தீர்ப்பு சொல்லியாயிற்று. மேல்முறையீடு கிடையாது.

உள்ளே ஆண்டாளின் இடது கையில் கிளி. அலகுக்கு மாதுளம்பூ, உடம்புக்கு மரவள்ளி இலை. தினமும் புதிதாகச் செய்கிறார்கள்; பழைய கிளி யாரோ ஒரு பக்தர் வீட்டுக்குப் போய்விடும். அந்தப் பக்தர் நானில்லை என்பது வரிசையில் என் இடத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

வெளியே வந்தால் பால்கோவாக் கடைகள். பாலும் சர்க்கரையும்தான் சரக்கு. 2019இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஒவ்வொரு கடையும் 'ஒரிஜினல்'. ஒரு கடைக்காரர் ஒரு விள்ளலை என் உள்ளங்கையில் வைத்து முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படிப் பார்த்தால் வாங்காமல் எப்படி வருவது?

அடுத்து ராஜபாளையம். பஸ் ஸ்டாண்டில் இரண்டு ராஜுக்கள் தெலுங்கில் சண்டை போட்டார்கள்; விலக்கப் போனவரிடம் சுத்தத் தமிழில் நியாயம் கேட்டார்கள். இந்த ஊர்க்காரர் குமாரசாமி ராஜா சென்னை மாகாண முதல்வராக இருந்தவர். ஊர் நாயும் லேசுப்பட்டதல்ல, 2005இல் தபால்தலையிலேயே ஏறிவிட்டது. ஒரு கேட்டுக்குப் பின்னால் அதை நேரில் பார்த்தேன். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, என்மேல் துளி மரியாதை இல்லாத பார்வை.

"கடிச்சா?"

"பக்கத்துல சத்திரப்பட்டி இருக்கே மாப்ள. பேண்டேஜ் துணி நெய்யறதே அங்கதான்."

கடிக்கிற நாயும் இங்கே, கட்டுகிற துணியும் இங்கே. இப்படித் திட்டம் போட்டு அமைந்த வட்டாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போகிறவர்கள் பால்கோவாவைக் கால் கிலோ கூடுதலாகவே வாங்குங்கள். பொட்டலத்தைப் பஸ்ஸில் பிரிக்காமல் வீடு வந்து சேர்ந்தவர் யாரையும் எனக்குத் தெரியாது.