மைனஸ் நாற்பதில் ஒரு சயனம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடகோடிக் காட்டில், ஜனவரியில் பனி இடுப்பளவு கிடக்கும். ஊரே கணப்பைச் சுற்றி ஒண்டியிருக்கும் அந்த வேளையில் ஒருவர் மட்டும் காலில் பனிக்காலணி, இடுப்பில் கட்டிய கயிற்றில் ஒரு சறுக்கு வண்டி சகிதம் காட்டுக்குள் போய்க்கொண்டிருப்பார். கேட்டால் தூங்கப் போகிறேன் என்பார். வீட்டில் கட்டில் இருக்கிறது. அதில் அவர் மனைவி நிம்மதியாகத் தூங்குகிறார்.

நம் ஆள் இரண்டு மரங்களுக்கு நடுவே ஹேமக் கட்டிப் படுப்பவர். கூடாரவாசிகளைக் கண்டால் அவருக்கு இளக்காரம். அவர்கள் பனியை மிதித்து மிதித்து, அது இறுகும்வரை காத்திருந்து கூடாரம் அடிக்க வேண்டும். இவருக்குத் தரையே தேவையில்லை. மரப்பட்டை காயப்படாதபடி அகலமான பட்டை நாடா போட்டுக் கட்டுவார். மரத்தின்மேல் அத்தனை கரிசனம். தன் முதுகின்மேல்தான் இல்லை.

ஹேமக் என்பது வெக்கையான கரீபியன் தீவுகளில் டைனோ மக்கள் படுத்த படுக்கை. அடியிலும் காற்றாடும், அதுதான் அதன் சுகம். இவரோ அதைப் பனிக்காட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, அந்தக் காற்றோடு மல்லுக்கட்டுகிறார். எத்தனை தடித்த ஸ்லீப்பிங் பேக் ஆனாலும் உடல் எடையில் அடிப்பக்க இறகு நசுங்கிவிடும். நசுங்கிய இறகில் சூடு தங்காது. ஆகவே ஹேமக்குக்கு வெளியே, கீழ்ப்பக்கமாக, வாத்து இறகு அடைத்த அண்டர்குவில்ட் ஒன்றைத் தொங்கவிடுவார். அது முதுகை ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் நசுங்கக் கூடாது. இதைச் சரிபார்க்க ஏறிப் படுப்பார், இறங்கி நாடாவை இழுப்பார், மறுபடி ஏறுவார். இருட்டிவிடும்.

பியூட்டேன் சிலிண்டர் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒத்துழைக்காது என்பதால் பெட்ரோல் அடுப்பு. ராத்திரிச் சாப்பாட்டில் வெண்ணெயைக் கட்டியாகவே போட்டுக்கொள்வார். கொழுப்பு விடியும்வரை எரியுமாம். கால்மாட்டில் வெந்நீர் பாட்டில். குடிநீர் பாட்டில் தலைகீழாக நிற்கும். உறைவது மேலிருந்துதான், மூடிப் பக்கம் தப்பிக்கும். இத்தனையும் யோசித்தவர், நள்ளிரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் முட்டும் என்பதை மட்டும் யோசிப்பதில்லை. போவதா, அடக்குவதா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடத்திவிட்டு, கடைசியில் போவார்.

காலையில் மீசையிலும் போர்வை விளிம்பிலும் மூச்சுக்காற்று வெண்பனியாகப் படிந்திருக்க, முதல் வேலையாகத் தெர்மாமீட்டரைப் பார்ப்பார். குறைவாக இருந்தால் ஆனந்தம். சற்றே ஏறியிருந்தால் முகம் தொங்கிவிடும். 1996 பிப்ரவரி 2 அன்று அதே மாநிலத்தின் டவர் என்ற ஊருக்கருகே மைனஸ் 60 ஃபாரன்ஹீட் பதிவானது. அன்றைக்கு வெளியே படுக்காமல் போனோமே என்று இன்னும் புலம்புகிறார்.

வீடு திரும்பியதும் மனைவி கேட்பார்: "குளிரவில்லையா?"

"குளிரா! லேசாக வேர்த்துவிட்டது." விறைத்த விரல்களால் காபிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் சொல்வார்.

அவர் "மைனஸ் நாற்பது" என்று மார்தட்டும்போது, ஃபாரன்ஹீட்டா செல்சியஸா என்று கேட்டு மடக்கப் பார்க்காதீர்கள். அந்த ஓர் எண்ணில் இரண்டும் ஒன்றுதான்.