செக்போஸ்ட் சித்தப்பா பதில்கள்: தோளில் பிள்ளை, தோண்டினால் வரலாறு

இந்த வாரம் வந்த கடிதமெல்லாம் ஒரே திசையில்: தடாப் பக்கம், பழைய ஊர், சின்னப் பிள்ளைகள், ஒரு நாள். பாதிக்கு மேல் புலம்பல். புலம்பலை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்; கேள்விக்கு இங்கே பதில்.

புது அப்பா, பெரம்பூர்: 'தடா' என்றாலே என் மாமியார் பயப்படுகிறாரே?

அவர் பயந்த தடா 1987-ல் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். அது 1995-லேயே காலாவதி. ஊர் இன்னும் அமலில் இருக்கிறது. 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். "திருப்பதி மாவட்டத்துக்குப் போகிறோம்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். முதல் ஆளாய் வண்டியில் ஏறி முன் சீட்டில் உட்காருவார்.

திட்டக்குழுத் தலைவர், அம்பத்தூர்: காலை நேலப்பட்டு, பிறகு ஸ்ரீஹரிகோட்டா சாலை, மதியம் பழவேற்காடு, மாலை நாகலாபுரம், இரவு காளஹஸ்தி. பிள்ளைகளுக்கு வயது 3, 6. திட்டம் எப்படி?

பிரமாதம். தேர்தல் பிரசாரத்துக்குக் கிளம்புகிறவருக்கு. பிள்ளைகளோடு போகிறவருக்கு ஒரு நாளைக்கு ஒரு ஊர், ஒரு ஆச்சரியம், ஒரு தூக்கம். மிச்ச நாலு ஊரும் எங்கேயும் ஓடிப் போகாது. நாகலாபுரம் கிருஷ்ணதேவராயர் காலத்திலிருந்து அதே இடத்தில்தான் இருக்கிறது.

இரண்டு குழந்தைகளின் தாய், கும்மிடிப்பூண்டி: அந்த ஒரே ஊர் எது, நீங்களே சொல்லுங்களேன்!

பழவேற்காடு. கோட்டை உண்டு, கல்லறை உண்டு, ஏரி உண்டு, நண்டு உண்டு. தடாவுக்கும் அதற்கும் நடுவே ஒரு ஏரிதான். நாரைக்கு நேர்ப் பறப்பு. மனுஷப் பிறவி பொன்னேரியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

சரித்திர ஆசிரியை, மாதவரம்: பழவேற்காட்டு வரலாற்றை ஆறு வயதுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?

டச்சுக்காரர்கள் துணி வாங்க வந்தார்கள். 1613-ல் கெல்டிரியா என்று ஒரு கோட்டை. இந்தக் கரைத் துணியைக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய், கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆறு வயதுக்கு இவ்வளவு போதும். அறுபது வயதில் பல பேருக்கு இதுவே தெரியாது.

கோட்டைப் பிரியன், திருவொற்றியூர்: அந்தக் கோட்டை இப்போது எப்படி இருக்கிறது?

புதர் தெரியும். புதருக்குள்ளே கோட்டை. செருப்பை விட்டு ஷூ போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே நுழைய வேண்டாம். "ராஜா எங்கேப்பா?" என்று பையன் கேட்பான். உண்மையைச் சொல்லிவிடுங்கள்: ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை, இங்கே இருந்தது கம்பெனி மேனேஜர்.

பயந்த சுபாவம், வில்லிவாக்கம்: சின்னப் பிள்ளைகளைக் கல்லறைக்கு அழைத்துப் போகலாமா?

டச்சுக் கல்லறையின் நுழைவாயிலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். பயப்படப் போவது நீங்கள். பிள்ளை அதன் பக்கத்தில் அதே மாதிரி நின்றுகொண்டு "போட்டோ எடு" என்பான். ஒன்று மட்டும்: தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம், சமாதி மேல் ஏற விடாதீர்கள். உங்கள் தாத்தா சமாதியில் ஒரு டச்சுப் பிள்ளை சறுக்கு விளையாடினால் சும்மா இருப்பீர்களா?

ஏழாம் வகுப்பு மாணவி, பொன்னேரி: டச்சுக்காரர்கள் நல்லவர்களா, கெட்டவர்களா?

பெரியவர்கள் கேட்காத கேள்வி. வியாபாரிகள், மகளே. துணியோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. 17-ஆம் நூற்றாண்டில் இதே கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள். பஞ்சம் வந்தால் சரக்கு கூடும். கம்பெனிக்காரர்களுக்குக் கல்லில் பெயர் இருக்கிறது. கப்பலேறியவர்களுக்கு அதுவும் இல்லை.

தண்ணீர்ப் பிரியன், எண்ணூர்: கரையில் படகு நிற்கிறது, பையன் அழுகிறான். ஒரு ரவுண்டு போகலாமா?

கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் உல்லாசப் பயணம் வந்த 22 பேர் இந்த ஏரியில் படகு கவிழ்ந்து இறந்தார்கள். இதற்குச் சித்தப்பாவிடம் ஜோக் கிடையாது. அழட்டும்.

மலையேறி, வியாசர்பாடி: அப்படியானால் தடா அருவி? பேரிலேயே ஊர் இருக்கிறதே!

பேரில்தான். உண்மைப் பெயர் உப்பலமடுகு; வரதய்யபாளையம் பக்கம் போய்க் காட்டுக்குள் நடக்க வேண்டும். வழுக்குப் பாறை, ஆழம் தெரியாத மடு. கல்லூரிப் பிள்ளைகளே தவறி விழுந்த இடம். மூன்று வயதைத் தூக்கிக்கொண்டு பாறை ஏறுகிறவருக்கு வீரம் அதிகம், இன்னொன்று குறைவு.

ஏமாந்த அம்மா, சூலூர்பேட்டை: பூநாரை பார்க்க ரோஜா நிறச் சட்டை போட்டு மகளை அழைத்துப் போனேன். பாதிப் பறவை வெளுப்பு!

பூநாரை பிறக்கும்போது சாம்பல் நிறம். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றில் விட்டு வடிகட்டித் தின்கிறதே, அந்தப் பாசியிலும் குட்டி இறாலிலும் உள்ள நிறமிதான் சிறகுக்கு ஏறுகிறது. "சாப்பிட்டால்தான் கலர் வரும், பார்த்தாயா" என்று மகளுக்கு ரெண்டு உருண்டை ஊட்டிவிடுங்கள். பொய் என்று தெரிவதற்குள் சோறு உள்ளே போயிருக்கும்.

தட்டோடு ஓடுபவள், கொளத்தூர்: என் மகன் ஒரு வாய் தின்ன ஒரு மணி நேரம். எந்த இடம் அவனுக்குப் பாடம்?

நேலப்பட்டு, சூலூர்பேட்டைக்கு வடக்கே. கூழைக்கடாக்கள் தண்ணீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டும். குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை விட்டு மீனை எடுத்துத் தின்னும். மகன் திருந்துவான் என்று உத்தரவாதம் இல்லை. உங்களுக்கு ஆறுதல் நிச்சயம்.

நாள் பார்ப்பவர், மணலி: எந்த மாதம் போகலாம்?

தை, மாசி. ஐப்பசி, கார்த்திகையில் நீங்கள் ஏரியைப் பார்க்க வேண்டாம். மழை நீர் உங்களைப் பார்க்க வரும். சித்திரையில் ஏரியில் பாதி வற்றிப் போயிருக்கும், பிள்ளை முழுசும்.

ராக்கெட் ரசிகன், ஆவடி: ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுவதைப் பிள்ளைக்குக் காட்டலாமா?

பார்வையாளர் மாடம் உண்டு. முன்பதிவும் அடையாள அட்டையும் வேண்டும். 1979-ல் அங்கிருந்து கிளம்பிய முதல் எஸ்.எல்.வி. கடலில் விழுந்தது, 1980-ல் அடுத்தது ஜெயித்தது. பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய கதை அதுதான். ஆனால் கவனம்: கடைசி நிமிஷத்தில் ராக்கெட்டின் கவுன்ட்டவுனை நிறுத்திவைப்பார்கள். "அப்பா, ஒண்ணுக்கு" என்பவனின் கவுன்ட்டவுனை நிறுத்த எந்த விஞ்ஞானியாலும் முடியாது.

பக்தை, ஊத்துக்கோட்டை: கோயில் இல்லாமல் என்ன வெளியூர்ப் பயணம்?

உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே சுருட்டப்பள்ளி இருக்கிறதே, அம்மா! நஞ்சுண்ட களைப்பில் பார்வதி மடியில் தலை வைத்துச் சிவன் படுத்திருக்கிறார். பிள்ளைகளுக்கு உடனே புரியும்; ஞாயிறு மதியம் அப்பாவின் கோலமும் அதுதான். இன்னொரு நாள் நாகலாபுரம்: கிருஷ்ணதேவராயர் தாய் நாகலாதேவி நினைவாக எழுப்பியது, உள்ளே மீன் உடல் பெருமாள். மார்ச்சில் மூன்று நாள் சூரியன் நேரே கருவறைக்குள் வந்து சேவிப்பான். அவனுக்கும் ஸ்பெஷல் தரிசன டிக்கெட் கிடையாது.

சிக்கனம், கொருக்குப்பேட்டை: கார் இல்லை. வழி உண்டா?

காரை விட நல்ல வழி. சூலூர்பேட்டை மின்ரயில் தடாவில் நிற்கும். கும்மிடிப்பூண்டி தாண்டினால் எளாவூர், ஆரம்பாக்கம், அடுத்தது அதுதான். பழவேற்காடு என்றால் பொன்னேரியில் இறங்கிப் பஸ். ஐந்து வயதுக்குள் டிக்கெட் இல்லை, அதற்கு மேல் பன்னிரண்டு வரை அரை டிக்கெட். போகிற ரயிலுக்கு முன்னால் வருகிற ரயிலைப் பார்த்துவையுங்கள். ஜன்னலோரத்துக்கு நடக்கும் சண்டை இலவசம்.

வாடகைக் கார் வைத்திருப்பவர், செங்குன்றம்: மஞ்சள் போர்டு வண்டியில் எல்லை தாண்டலாமா?

பர்மிட்டோடு தாண்டலாம். இல்லாமல் தாண்டினால் பிள்ளைகள் செக்போஸ்ட்டைத்தான் சுற்றிப் பார்ப்பார்கள். எனக்குத் துணை கிடைக்கும்.

காரம் ஆகாதவள், புழல்: ஆந்திரா சாப்பாடு குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா?

பப்பு, சாதம், மேலே நெய். பப்பிலும் மிளகாய் ஒளிந்திருக்கும். கிள்ளி வெளியே போட்டு, நெய்யைக் கணக்குப் பார்க்காமல் ஊற்றுங்கள். ஆவக்காயைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கண்ணில் தண்ணீர் வந்தால் "ஊரைப் பிரிய மனமில்லை" என்று சொல்லித் தப்பிக்கலாம்.

நினைவுப் பொருள் சேகரிப்பவர், அண்ணா நகர்: பழவேற்காட்டில் என்ன வாங்கலாம்?

ஊர்ப் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டியும் கூடையும். பேரம் பேசாதீர்கள். மாலில் விலை ஒட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டுதானே கொடுக்கிறோம்?

நவீன தகப்பன், வேளச்சேரி: எங்கே போனாலும் பையன் போனை விட்டுத் தலை நிமிர மாட்டேன் என்கிறான்!

இந்தக் கேள்வியை எதில் டைப் செய்து அனுப்பினீர்கள்?

சந்தேகப் பேர்வழி, ராயபுரம்: போன பயணம் நல்ல பயணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திரும்பும் வழியில் பின் சீட்டைப் பாருங்கள். பிள்ளை தூங்கினால் நல்ல பயணம். பெண்டாட்டியும் தூங்கினால் மிக நல்ல பயணம். டிரைவரைப் பாருங்கள். அவர் தூங்கினால் இறங்கிவிடுங்கள்.