பொறுப்பை ஒப்படைக்கக் கோரி குளிர் எழுதிக்கொண்ட மனு

அனுப்புநர்: குளிர், தலைக்குந்தா, நீலகிரி.
பெறுநர்: சுகாதாரப் பிரிவு, மலைமேல் உள்ள நகராட்சிகள், பேரூராட்சிகள் அனைத்தும்.
பொருள்: கொசு ஒழிப்புப் பணியிலிருந்து விடுவிக்கக் கோருதல்.

மேன்மைமிகு சமூகத்துக்கு,

மனுதாரர் இம்மலையில் கொசு ஒழிப்புப் பணியை நெடுங்காலமாகத் தனி ஆளாகப் பார்த்து வருகிறார். நியமன ஆணை கிடையாது, சம்பளம் கிடையாது, பொங்கல் போனஸ் கிடையாது. "ஊட்டியில ஏதுங்க கொசு" என்று லாட்ஜ்காரர்கள் பெருமையடித்தபோதெல்லாம், அந்தப் பெருமை யார் கணக்கில் ஏறியது என்று மனுதாரர் வாய் திறந்து கேட்டதில்லை. இப்போது உடம்பு ஒத்துழைக்கவில்லை. 2024 ஏப்ரல் கடைசியில் உதகையில் வெப்பமானி 29 டிகிரி காட்டியதே, அன்று மனுதாரர் மருத்துவ விடுப்பில் இருந்தார். அப்படிப்பட்ட விடுப்பு இனி அடிக்கடி தேவைப்படும் போலிருக்கிறது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்க்க வேண்டும். மனுதாரர் கொசுவைக் கூண்டோடு கொன்றதாக ஒரு பேச்சு உண்டு. அவர் செய்தது தாமதம் மட்டுமே. கீழே சமவெளியில் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, இறக்கை முளைத்துப் பறக்க எட்டுப் பத்து நாள் போதும். அதே கோப்பு மனுதாரரின் மேஜைக்கு வந்தால் வாரக்கணக்கில் கிடக்கும். டெங்குக் கிருமிக்கும் அதே கதிதான். காய்ச்சல்காரர் ஒருவரைக் கடித்த கொசு, உடனே அடுத்த வீட்டுக்காரருக்கு நோயைக் கொடுத்துவிட முடியாது. கிருமி அதன் வயிற்றில் பெருகி எச்சில் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். வெக்கையில் அதற்கு எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். நல்ல குளிரில், கிருமி வந்து சேர்வதற்குள் கொசுவே ஓய்வுபெற்று உலகை விட்டுப் போய்விடும். கோப்பை நகர்த்தாமல் வைத்திருந்தே பொதுமக்களுக்கு நன்மை செய்த ஊழியர் மாவட்டத்தில் மனுதாரர் ஒருவர்தான்.

ஆனால் அதிகாரமெல்லாம் உயரத்தோடு சரி. உதகையில், 2,240 மீட்டரில், மனுதாரர் ராஜா. குன்னூரில், 1,850 மீட்டரில், மரியாதைக்குக் குறைவில்லை. பர்லியாறு தாண்டிக் கல்லாறு இறங்கிவிட்டால் யாரும் மதிப்பதில்லை. கூடலூர் பக்கமும் அவர் சொல் எடுபட்டதில்லை. 1880 வாக்கில் தேவாலா, பந்தலூரில் தங்கம் தோண்ட லண்டன் கம்பெனிகள் வந்து இறங்கின. தங்கத்தைவிடக் காய்ச்சல்தான் தாராளமாகக் கிடைத்தது.

1897 கோடையில் நடந்தது இன்னும் சுவையானது. ராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸ் விடுப்பில் உதகைக்கு வந்தார். மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறதா என்ற கேள்வி அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. மனுதாரரின் காவலில் மேலேயே சுகமாக இருந்திருக்கலாம். மனிதர் கேட்கவில்லை, காய்ச்சலுக்குப் பேர்போன சீகூர் சரிவில் இறங்கினார். அவருக்கே மலேரியா கண்டது. ஆனால் இறக்கையில் புள்ளி போட்ட கொசு ஒன்றும் அங்கேதான் அவர் கண்ணில் பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் தேதி, செகந்திராபாத்தில், புள்ளி இறக்கைக் கொசுவின் இரைப்பையில் மலேரியாக் கிருமியைப் பார்த்தார். 1902-ல் நோபல் பரிசு. இன்று அதே சரிவில் ஏறும் கல்ஹட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் கியரையும் பிரேக்கையும் பற்றித்தான் பேசுகிறார்கள். போகட்டும், மனுதாரர் பெயரே எதிலும் இல்லை, ராஸுக்கு என்ன வந்தது.

காய்ச்சல் ஏறாத மலையில் காய்ச்சல் மருந்து விளைந்ததையும் சமூகம் மறந்திருக்காது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் முயற்சியால் தென் அமெரிக்காவிலிருந்து வந்த சின்கோனா, 1860-களில் மக்கைவர் மேற்பார்வையில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வேர்பிடித்தது. தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளைக்கூடக் கொண்டுவந்தார்கள். அதன் பட்டையில்தான் கொயினா. ஆக, குளிரும் மலை கொடுத்தது, கொயினாவும் மலை கொடுத்தது. சமூகம் கொடுத்தது புகை.

அந்தப் புகையைப் பற்றி இரண்டு வார்த்தை. சாயங்காலம் நான்கு மணி, சந்தைக்கடைப் பக்கம் மேகம் இறங்கியிருக்கிறது. பத்தடி தூரத்தில் வருகிறவர் முகம் தெரியவில்லை. அந்த மேகத்துக்குள் ஒருவர் தோளில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு, காது கிழியும் சத்தத்தோடு, இன்னொரு மேகத்தை உண்டாக்கிக்கொண்டு போகிறார். எது கடவுள் விட்டது, எது நகராட்சி விட்டது என்று மனுதாரருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகள் பின்னால் ஓடுகிறார்கள். போட்டோ எடுக்கப்படுகிறது. அந்தப் புகை பறக்கிற கொசுவில் எது அகப்படுகிறதோ அதைத்தான் கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுவுக்கு அது ஒன்றும் செய்யாது. காற்றடித்தாலும் மழை தூறினாலும் மருந்துக் காசு பள்ளத்தாக்கோடு போயிற்று. நோய் வெடித்த தெருவில் அவசரத்துக்கு அடிக்கலாம், தவறில்லை. ஆண்டு முழுவதுக்கும் அதுவே வைத்தியம் என்றால், தீபாவளிப் புகையில் ஊரே சுத்தமாகியிருக்க வேண்டும்.

இ-பாஸ் விஷயத்துக்கு வருவோம். 2024 மே 7 முதல் உதகைக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரல் தொட்டு, சீசனில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர்நீதிமன்றமே கணக்குப் போட்டது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் லோடு லாரியின் பழைய டயரில் ஒட்டிக்கொண்டு வரும் ஏடிஸ் முட்டைகளை எந்தச் சாவடியும் கேட்பதில்லை. 1985-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆசியப் புலிக் கொசு குடியேறியது இப்படிப் பழைய டயரில் பயணம் செய்துதான். தன் இனத்தில் அது குளிரையும் கொஞ்சம் தாங்கும் என்பது மனுதாரருக்குச் சொந்தக் கவலை.

டயர் மேலே வந்து என்ன செய்கிறது? லைன் வீட்டுத் தகரக் கூரை காற்றில் பறக்காமலிருக்கப் பாரமாக உட்காருகிறது. மழை பெய்தால் உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் நிற்கும். கொசுவுக்கு அது பங்களா. வாசலில் நீல டிரம் இருக்கும். குழாயில் தண்ணீர் என்று வருமோ என்று நிரப்பி வைத்தது, அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. மூடி உடைந்து நாளாகிவிட்டது, மேலே ஒரு அரிசிச் சாக்கு, நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டு. சாக்கை விலக்கி டார்ச் அடித்தால் கூத்தாடிப் புழுக்கள் வாலை நெளித்துக்கொண்டு அடியில் இறங்கும். வெளிச்சத்தை அணைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால், ஒவ்வொன்றாக மூச்சு வாங்க மேலே வரும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது. தண்ணீர்க் கோட்டுக்கு மேலே டிரம்மின் உட்சுவரில் ஒட்டிய முட்டை, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த முறை குழாய் திறந்ததும் பொரியும். வாரம் ஒருமுறை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

"இங்கெல்லாம் வராது" என்று சமூகம் தைரியமாக இருந்தால், மனுதாரரின் தாயாதி ஒருவர் காத்மாண்டுவில் இருக்கிறார், அவரை விசாரிக்கலாம். அந்த ஊர் ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம். கோத்தகிரிக்குக் கீழே, கூடலூருக்கு மேலே. 2004 வரை நேபாளத்தில் டெங்கு பதிவானதே இல்லை. 2022-ல் அங்கே ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் படுக்கவைத்தது. அதில் பெரும்பங்கு காத்மாண்டு பள்ளத்தாக்கு. தாயாதி அன்றிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

தமிழ்நாட்டுக் கணக்கும் மறக்கக்கூடியதல்ல: 2012-ல் டெங்குவுக்கு 66 பேர் பலி, 2017-ல் 65 பேர். அப்போதெல்லாம் மலையில் காவல் இருந்தது மனுதாரர்.

சட்டம் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தில் கொசுவுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் கொசு வளரவிடுவது அப்போதே குற்றம். கோடை விழாவில் கோத்தகிரிக்குக் காய்கறிக் கண்காட்சி, குன்னூருக்குப் பழக் கண்காட்சி, கூடலூருக்கு வாசனைப் பொருள் கண்காட்சி என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். அந்த அத்தியாயத்தை இப்படியே இன்னும் சில ஆண்டுகள் தூங்கவிட்டால், கொசுக் கண்காட்சி எந்த ஊருக்கு என்று சண்டை வரும்.

ஆகவே பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதே மனுதாரரின் கேள்வி. புகை இயந்திரத்திடம் கொடுக்க மனம் வரவில்லை. டிபிசி என்று கூப்பிடுகிறார்களே, ஒரு கையில் டார்ச்சும் இன்னொரு கையில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்தும் எடுத்துக்கொண்டு, தேயிலைத் தோட்டத்துப் படிகளில் ஏறி இறங்கி, வீடு வீடாகத் தொட்டி எட்டிப் பார்க்கும் தினக்கூலிப் பெண்கள், அவர்களிடம் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறார். நாய் குரைத்தாலும், "நேத்துதானே பார்த்தீங்க" என்று வீட்டுக்காரர் முறைத்தாலும், சாக்கை விலக்கிப் பார்க்காமல் அவர்கள் நகர்வதில்லை. மனுதாரரைப் போலவே அவர்களும் தற்காலிகம்தான். அவருக்குக் கிடைக்காத சம்பள உயர்வை அவர்கள் பெயரில் எழுதிக்கொண்டால் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

இணைப்பு: டயர் ஒன்று, அதிலுள்ள தண்ணீர் ஒரு டம்ளர், கூத்தாடிகள் (எண்ணுவதற்குள் கீழே இறங்கிவிட்டன).

இடம்: தலைக்குந்தா, புல் மேல்.
நாள்: வெயில் ஏறுவதற்குள்.