பையில் எழுதிய பரீட்சை

"எங்களுக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், பெண்ணைப் பெற்றவருக்கு வயிற்றைக் கலக்கும். "கோடிங் ரவுண்டுல எந்த லாங்குவேஜ்ல வேணும்னாலும் எழுதலாம் சார்" என்று எச்.ஆர். பெண் போனில் சொன்னபோது எனக்கும் அப்படித்தான் கலக்கியது.

இத்தனைக்கும் 14 வருஷமாக ஜாவா போட்ட சோற்றைத் தின்கிறவன் நான். அதற்கு முன்னால் கல்லூரியில் டர்போ சி. நீலத் திரையில் பிள்ளையார் சுழி மாதிரி ஒரு கிளியர் ஸ்கிரீன், சுபம் போட ஒரு கெட்ச். நடுவில் என்ன எழுதினாலும் லேபில் பாஸ் போட்டுவிடுவார்கள். அது ஒரு பொற்காலம்.

சோழிங்கநல்லூர் டீக்கடையில் ஆபீஸ் தம்பியிடம் யோசனை கேட்டேன். "ஜாவாவா? அண்ணா, நீங்க கிளாஸ் பேரை எழுதி முடிக்கறதுக்குள்ள பைத்தான்ல ஆன்ஸரே வந்துடும்" என்றான். பொய்யில்லை. நான் பழகிய ஜாவாவில் ஒரு ஹலோ சொல்வதற்கே பப்ளிக், ஸ்டேடிக், வாய்ட் என்று இரு வீட்டார் பெயரும் போட்டுப் பத்திரிகை அடித்தாக வேண்டும். போதாததற்கு அதன் இன்ட் 214 கோடி சொச்சம் வரைதான் தாங்கும். அந்த உச்சியில் ஒன்றைக் கூட்டினால், கூசாமல் மைனஸ் 214 கோடிக்குப் போய்விடும். பைத்தானில் அந்தப் பயமே இல்லை, மெமரி இருக்கிற வரை எண் வளரும்.

மச்சான் சி பிளஸ் பிளஸ் கட்சி. வேகம் என்றால் அதுதான் என்று சத்தியம் செய்தான். ஆனால் ஒரு சின்னப் பிழைக்கு அது நீட்டும் எரர் மெசேஜ் வில்லங்கச் சான்றிதழ் நீளம் இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட்? 10, 9, 1 என்று கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால் 1, 10, 9 என்று அடுக்கும். தனியாகச் சொல்லிக்கொடுக்காவிட்டால் அது எண்களையும் எழுத்தாகத்தான் படிக்கும். ஔவையார் இரண்டு கண் என்று சொன்னதில் அதற்கு ஒரு கண்தான்.

ஆக, பைத்தான். இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். மலைப்பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கீடோ வான் ராசம் 'மான்ட்டி பைத்தான்' என்ற பிரிட்டிஷ் காமெடி நிகழ்ச்சியின் பெயரை வைத்தார் என்பது வரை எல்லாம் தெரிந்துகொண்டேன். கை மட்டும் வரிக்கு வரி செமிகோலன் வைத்துக்கொண்டே இருந்தது. 14 வருஷப் பழக்கம், வெற்றிலை மாதிரி.

நேர்காணல் ஆன்லைனில். காலையில் காபியோடு வந்த அம்மா, "எதுலப்பா எழுதப் போற?" என்றாள்.

"பைத்தான்மா."

"பைதானா? பேப்பர் குடுக்க மாட்டாங்களா?"

விளக்க நேரமில்லை. கேமராவை ஆன் செய்துவிட்டேன்.

எதிரே இருந்த பையனுக்கு என் அனுபவத்தில் பாதி வயதைக் கூட்டினால்தான் மீசை வரும். அவன் கொடுத்த கணக்கு: மூன்றுக்கு மூன்று கட்டம், ஒன்றில் தொடங்கி வழி கண்டுபிடிக்க வேண்டும், போன கட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று பூஜ்யம் கொண்ட ஒரு வரிசையை எழுதி, அதை மூன்றால் பெருக்கினேன். ஒரே வரியில் கட்டம் தயார்! தம்பியை மனசுக்குள் வாழ்த்தினேன்.

ரன் செய்தால், முதல் வரிசையில் ஒரு கட்டத்தைத் தொட்டதற்கு மூன்று வரிசையிலும் குறி விழுந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி ரன் செய்தேன். மறுபடியும் மூன்று. வழியைத் தேடும் பகுதியில் தப்பு என்று நினைத்து அதைப் பிரித்து மேய்ந்ததில் 20 நிமிஷம் போனது. பெருக்கியதால் மூன்று வரிசை பிறக்கவில்லை. இருந்தது ஒரே வரிசைதான். ஒரே வீட்டு முகவரிக்கு நான் மூன்று ரேஷன் கார்டு வாங்கியிருந்தேன். இதை அந்தப் பையன்தான் பொறுமையாகச் சொன்னான். ஜாவாவில், வளவள என்று நான் கைவிட்டு வந்த அதே ஜாவாவில், நியூ இன்ட் மூன்று மூன்று என்று எழுதியிருந்தால் மூன்றும் தனித்தனியாக வந்து உட்கார்ந்திருக்கும்.

"உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?" என்றான் கடைசியில்.

"உங்க டீம்ல எதுல எழுதறீங்க?"

"ஜாவா 8."

லேப்டாப்பை மூடிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். முகத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"பையில எழுதிக் குடுத்தா யாருடா வேலை தருவா? சாயங்காலம் கடைக்குப் போறப்ப ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிண்டு வரேன்."