தேக்கு எனப்பட்ட கட்டிலைத் திருப்பித் தருதல்: ஒரு முன்னாய்வு

மூலபாடம் மிகச் சிறியது. "தேக்கு கட்டில். குயின் சைஸ். நல்ல கண்டிஷன். ஊர் மாறுவதால் விற்பனை. 14,000. பேரம் வேண்டாம்." ஆறு வாக்கியங்களில் வினைமுற்று ஒன்றே ஒன்று, அதுவும் எதிர்மறை. மூலத்தோடு ஒரு படமும் கிடைத்துள்ளது. அதில் மயில் போட்ட படுக்கை விரிப்பு முழுமையாகவும், கட்டில் ஓரளவும், படமெடுத்தவரின் கால் கட்டைவிரல் மிகத் தெளிவாகவும் காணப்படுகின்றன. மரம் என்று சொல்லத்தக்கது தலைமாட்டுப் பலகையில் ஒரு சாண் மட்டுமே.

இப்பாடத்தைக் கைப்பேசியில் கண்டு, தாம்பரத்தில் இருப்பவரிடம் வேளச்சேரியில் இருப்பவர் கட்டில் வாங்கினார். இவர்களை இனி விற்றவர், வாங்கியவர் என்றே குறிப்போம். விற்றவர் ஊர் மாறினாரா என்று கேட்கலாகாது. அவர் அதே தெருவில், அதே வீட்டில்தான் இருக்கிறார். "ஊர் மாறுவதால்" என்பது நூலின் முதலில் வரும் கடவுள் வாழ்த்தைப் போல மரபு கருதிச் சேர்க்கப்படுவது. அதை உண்மையா என்று சோதிப்பவர் இலக்கியம் அறியாதவர்.

எஞ்சிய சொற்களுக்கு நன்னூலே வழிகாட்டுகிறது. தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார் பவணந்தியார். விளக்கை அணை என்னாமல் குளிர வை என்பது மங்கலம். "நல்ல கண்டிஷன்" அவ்வகையே. "குயின் சைஸ்" குழூஉக்குறி. எந்த அரசியை அளந்தார்கள் என்பது மெத்தைக் கடைக்காரர்களுக்குள் இருக்கும் இரகசியம். ஆனால் "தேக்கு" இம்மூன்றிலும் அடங்கவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பொருளைப் பார்க்காமலா வாங்கினார் என்றால், பார்த்தார். எப்படிப் பார்த்தார் என்பதே ஆராயத்தக்கது. பிறர் பயன்படுத்தியதை வாங்கும்போது சோதிப்பதற்கு நம்மிடம் உயர்ந்த மரபு ஒன்று உண்டு. அது மாட்டுச் சந்தையில் வளர்ந்தது. அங்கே வாங்க வந்தவர் மாட்டின் வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார். பால்பல் விழுந்து முளைத்தவை இரண்டா, நாலா, ஆறா, எட்டும் முளைத்துவிட்டனவா என்று பார்த்து வயதைச் சொல்வார். சுழி எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக்கூடாது என்பது தனிச் சாத்திரம். மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பார், வாலை முறுக்குவார், தோளில் நுகத்தடித் தழும்பைத் தடவுவார். விலையைத் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசுவார்கள். மாட்டுக்காரர் இதில் எதையும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஏனெனில் அவர் வந்தவருக்குக் காபி கொடுக்கவில்லை.

தாம்பரத்தில் காபி கொடுத்தார்கள். கூடவே தேன்குழல். ஒரு வீட்டில் டம்ளரைக் கையில் வாங்கிவிட்ட பிறகு, அந்த அம்மாள் கதவோரம் நிற்க, பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்க, தரையில் மல்லாந்து கட்டிலுக்கு அடியில் நுழைந்து சட்டத்தைச் சாவியால் சுரண்டிப் பார்க்கும் துணிவு நல்ல குடும்பத்தில் பிறந்த எவருக்கும் வராது. வாங்கியவர் தம்மால் இயன்றதைச் செய்தார்: தலைமாட்டைத் தட்டினார். டொக் என்றது. "நல்ல வெயிட்டு தம்பி" என்றார் விற்றவர். "ஆமாண்ணா" என்றார் இவர். தட்டிப் பார்த்து அறியத்தக்கவை தேங்காயும் பலாப்பழமுமே. மரத்தில் அத்தட்டல் வெறும் சடங்கு. நமது காலத்துப் பழம்பொருள் வணிகத்தின் பெருங்குறை இணையமல்ல, உபசாரமே என்பது என் துணிபு.

உண்மையை வெளிக்கொணர்ந்தவர் ஆசாரி. அவரும் கட்டிலுக்காக வரவில்லை. சமையலறைக் கதவின் கீல் மாற்ற வந்தவர். போகிற போக்கில் உளிமுனையால் அடிச்சட்டத்தில் நகக்கண் அளவு வழித்தார். தேக்கின் வைரம் பொன்னிறப் பழுப்பு. இயல்பாகவே எண்ணெய்ப் பசை கொண்டது. புதிதாகச் சீவினால் தோல் வாசம் போல ஒன்று எழும். உள்ளே மணற்சத்து இருப்பதால் உளியின் கூரையும் சீக்கிரம் தின்றுவிடும். இங்கே சாயத்துக்கு அடியிலிருந்து வெளிறிய ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. "மாமரம் சார். தலைமாடு பிளைவுட்டு. மேல ஒட்டின வெனீர் மட்டும் தேக்கு" என்றார். பிறகு, "ஆனா வேலைப்பாடு சுத்தமா இருக்கு, நல்ல கை" என்று முகமறியாத சக கலைஞருக்கு மரியாதையும் செலுத்தினார்.

ஆக, கட்டிலில் தேக்கு இருக்கிறது. தாளின் கனத்தில் இருக்கிறது.

முதல் தொலைபேசி உரையாடலில் மொழியியலார் கவனிக்க வேண்டியது உறவுமுறைச் சொல்லின் மறைவு. பணம் கைமாறும்வரை தம்பியும் அண்ணனுமாக இருந்தவர்கள் ஒரே அழைப்பில் இருவரும் "சார்" ஆனார்கள். விற்றவரின் வாதம் சுருக்கமானது: "சார், நீங்க நேர்ல வந்து பாத்துதானே எடுத்தீங்க?"

இந்த ஒற்றை வாக்கியத்தின்மேல் மானுடம் நாலாயிரம் ஆண்டுகளாகச் சண்டையிட்டு வருகிறது. மெசபடோமியாவின் ஊர் நகரத்தில் கிடைத்த, கி.மு. 1750-ஐ ஒட்டிய களிமண் பலகை ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மட்டமான செம்பைக் காட்டினாய், பிடித்தால் எடு இல்லாவிட்டால் போ என்றாய், நான் அனுப்பிய ஆளை மதிக்கவும் இல்லை என்று நன்னி என்பவர் ஏயா-நாசிர் என்ற வணிகருக்கு எழுதிய புகார் அது. மூன்றாவது குற்றச்சாட்டில்தான் கடிதத்தின் சூடு முழுதும் இருக்கிறது.

நம் பக்கத்தில் நாரத ஸ்மிருதி இதற்கு அட்டவணையே போட்டிருக்கிறது. வாங்கியது சரியில்லை என்று தோன்றினால் அன்றே சேதமில்லாமல் திருப்பலாம். மறுநாள் என்றால் விலையில் முப்பதில் ஒரு பங்கு போகும். மூன்றாம் நாள் அதைப்போல் இரட்டிப்பு. அதற்குமேல் பொருள் உன்னுடையது. சோதித்துப் பார்க்கக் கறவை மாட்டுக்கு மூன்று நாள், சுமை இழுக்கும் விலங்குக்கு ஐந்து, முத்துக்கும் மணிக்கும் ஏழு, இரும்புக்கும் துணிக்கும் ஒரே நாள். பட்டியலில் கட்டில் இல்லை. ஆனால் பழந்துணியைப் பற்றி ஒரு நுட்பம் உண்டு: வாங்கும்போதே கிழிசலும் அழுக்குமாக இருந்ததை, கிழிசலும் அழுக்குமாக இருக்கிறது என்று சொல்லித் திருப்ப முடியாது. தாம்பரத்துக்காரர் நாரதரைப் படித்திருக்க மாட்டார். எனினும் அவர் சொன்னது அதுவே.

வேளச்சேரியின் பக்கம் நிற்பது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம். வாங்குபவனே பார்த்து வாங்கு என்ற கொள்கைக்கு அதில் 16-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்கு முந்தைய 15-ஆம் பிரிவோ, விவரித்து விற்றால் பொருள் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. நேரில் பார்த்துவிட்டால் இது போய்விடுமா? நம் சட்டத்தின் தாய்வீடான இங்கிலாந்தில் 1967-இல் பீல் எதிர் டெய்லர் என்றொரு வழக்கு. 1961-ஆம் ஆண்டு ஹெரால்டு கார் என்று ஒருவர் விளம்பரம் கொடுத்தார். அவர் வியாபாரி அல்லர். சொந்தக் காரை விற்றவர். வாங்கியவர் வந்து பார்த்து, ஏறி உட்கார்ந்து, எடுத்துப் போனார். பிறகுதான் தெரிந்தது: பின்பாதி 1961, முன்பாதி அதற்கு முந்தைய வேறொரு கார், இரண்டையும் யாரோ பற்றவைத்திருக்கிறார்கள். விற்றவருக்கே அது தெரியாது. பார்த்து வாங்கியிருந்தாலும் விளம்பரத்தை நம்பி வாங்கியதால் வாங்கியவர் பக்கமே தீர்ப்பானது. பாதி கார் உண்மையாக இருந்தும் போதவில்லை என்றால், மேல்தாள் மட்டும் உண்மையான கட்டிலின் நிலை என்ன என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

2020-இல் வந்த மின்வணிக விதிகள் பொருள் விளம்பரத்துக்கு ஒத்துவராவிட்டால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்கின்றன. ஆனால் தொழிலாக அன்றித் தனிப்பட்ட முறையில் ஏதோ ஒன்றை விற்கும் தனிமனிதரை அவ்விதிகள் தொடுவதில்லை. காபி கொடுப்பவர்களுக்கு எங்கும் விலக்கு உண்டு போலும்.

இனி ஆய்வின் மையப் பகுதி. 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு பேரருள் வாய்ந்தது: மறுக்க உரிமை உள்ளவர் பொருளை மறுத்துவிட்டால், வேறு பேச்சு இல்லாதவரை, அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டியதில்லை, மறுக்கிறேன் என்று தெரிவித்தாலே போதும். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம், திரும்பும் இடத்தில் யாரோ நிறுத்திவைத்த துருப்பிடித்த சைக்கிள் ஆகியவற்றை நேரில் கண்டவர்போலச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். வாங்கியவர் வாட்ஸ்அப்பில் தெரிவித்தார். நீலக்குறி விழுந்தது.

ஆனால் 42-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. மறுப்பைச் சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலோ, பொருள் இன்னும் விற்றவருடையது என்பதற்கு முரணான எதையும் அதன்மேல் செய்தாலோ, அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். ஏற்றுக்கொண்டபின் திருப்புவதற்கில்லை, நட்ட ஈடு மட்டும் கேட்கலாம். கட்டிலின்மேல் ஒருவர் செய்யக்கூடியது என்ன? இரவில் உறங்குவது முரண் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பகல் தூக்கத்தில் கருத்து வேறுபாடு உண்டு. விளிம்பில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டுவது பொறுக்கத்தக்கது. துவைத்த துணியை மடிக்கும்வரை குவித்து வைப்பது அவசியத் தேவை என்று குடும்ப வழக்கம் அறிந்த எந்த நீதிபதியும் விட்டுவிடுவார். கறாராகப் பார்த்தால், வாங்கியவர் தம் உரிமையைக் காக்க வேண்டுமானால் கட்டில் போட்ட அறையில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். சில நாள் அப்படியே படுத்தார். மனைவி கட்டிலில் படுத்தார். ஒப்பந்தத்தில் அவர் தரப்பினர் அல்லர் என்பது வாங்கியவரின் நிலைப்பாடு.

பொருளியல் பக்கமும் சாதகமாக இல்லை. குட்டியானை வண்டிக்கு வாடகை, இறக்க இரண்டு ஆள், மாடிக்குத் தனிக் கூலி. அதற்கு முன் கட்டிலைப் பிரிக்க ஆசாரி. "போல்ட்டு துரு ஏறிடுச்சு சார், பிரிச்சா திரும்ப அதே மாதிரி சேராது" என்று அவர் முன்கூட்டியே கைகழுவிவிட்டார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது பழைய கார்ச் சந்தை எப்படிச் சீரழிகிறது என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதினார். அந்தக் கட்டுரையையே முதலில் மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. பிறகு 2001-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எனினும் அவர் கோட்பாடு நம் மாதிரிக்கு ஒரு கையளவு பொருந்தவில்லை. அதில் விற்பவருக்கு உண்மை தெரியும். தாம்பரத்தில் தெரியாது.

இரண்டாம் உரையாடலில் அது விளங்கிற்று. "தேக்குன்னு எதை வெச்சு சார் போட்டீங்க?" என்று கேட்டதற்கு விற்றவர் நிதானமாகச் சொன்னார்: "இது எங்க கல்யாணத்துக்கு மாமனார் செஞ்சு குடுத்தது சார். சீர்ல வந்தது." பின்னணியில் ஒரு பெண்குரல்: "யாருங்க அது? எங்கப்பா குடுத்த கட்டிலுக்கு என்னவாம்?" தொடர்பு துண்டிக்கப்பட்டது.

இங்கே முந்தைய ஆய்வாளர்கள் அனைவரும் கைவிட வேண்டிய ஒரு கருத்து உண்டு: தவறாக விவரித்தவர் பொய்யர் என்பது. விளம்பரம் எழுதியவர் கட்டிலைப் பார்த்து எழுதவில்லை. கல்யாண மண்டபத்தில் பித்தளை அண்டாக்களுக்குப் பின்னால் பளபளவென்று நின்ற ஒன்றைப் பார்த்து எழுதினார். அது தேக்கு என்று அன்று மாமனார் சபையில் சொன்னார். மாமனாரிடம் மரக்கடைக்காரர் சொல்லியிருப்பார். சபையில் சொல்லப்பட்ட மரத்தை எந்த மாப்பிள்ளையும் உளியால் வழித்துப் பார்ப்பதில்லை. கட்டில் பழசாகிக்கொண்டே வந்தது. விவரிப்புக்கு ஒரு கீறலும் விழவில்லை. அதைத் திரும்பப் பெறுவது 14,000 ரூபாயைத் திருப்பித் தருவது மட்டும் அல்ல. ஒரு சம்பந்தத்தையே மறுவிசாரணைக்கு எடுப்பது. இதற்கு எந்தப் பிரிவிலும் பரிகாரம் இல்லை.

மூன்றாம் அழைப்பு வாங்கியவர் செய்ததன்று. இரவு பத்து மணிக்கு விற்றவரே கூப்பிட்டார். காற்றிரைச்சலை வைத்து மொட்டைமாடி என்று கொள்ளலாம். குரல் தாழ்ந்திருந்தது. "சார்" போய்விட்டது.

"தம்பி, ஆசாரி நெஜமாவே மாமரம்னுதான் சொன்னாரா?"

"ஆமாண்ணா."

"வழிச்ச எடத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? கிட்ட வெச்சு, நல்ல வெளிச்சத்துல."

அனுப்பினார். படம் மிகத் தெளிவாக இருந்தது. மூலபாடத்தின் படத்தைவிட எவ்வளவோ மேல். சற்று நேரத்தில் வாங்கியவரின் கணக்குக்கு 5,000 ரூபாய் வந்தது. குறிப்புப் பகுதியில் "ஆசாரி ஃபீஸ்" என்றிருந்தது. அதன் பின்னாலேயே ஒரு செய்தி: அடுத்த வாரம் வீட்டில் அம்மா ஊருக்குப் போகிறார்கள், டிரஸ்ஸிங் டேபிளும் அதே சீரில் வந்ததுதான், ஆசாரி ஒருநாள் தாம்பரம் பக்கம் வருவாரா, உளி எடுத்துக்கொண்டு.