கேமரா மேனிக்காப்பு: ஒரு விருத்தியுரை

கேமராவின் மேல் ஏதேனும் ஒட்டும் வழக்கம் நேற்று வந்ததென்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் தம் லைக்கா கேமராவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு டேப்பால் மூடிவைத்திருந்தார். ஆயினும் அவரை இத்துறையின் ஆசானாகக் கொள்ளலாகாது. அவர் ஒட்டியது பிறர் கண்ணில் படாதிருக்க. இன்று வினைல் ஸ்கின் என்னும் படலத்தை ஒட்டுவது கண்ணில் படுவதற்கே. காட்டில் பதுங்கும் சிப்பாயின் பச்சைத் திட்டுகளை அணிந்த கேமராவைக் கல்யாண மண்டபத்தில் மணமகளைவிட அதிகம் பேர் பார்க்கிறார்கள்.

இனி ஒட்டும் முறை. பாடியை ஈரம் போகத் துடைத்து, லென்ஸ் மவுன்டின் வட்டத்துக்கு நேராக ஸ்கின் துண்டை வைத்துப் பார்த்த பிறகே பின்தாளை உரிக்க வேண்டும். அதுவும் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. வளைவு வந்தால் ஹேர் டிரையரை லேசாகக் காட்டினால் படலம் இளகிப் படியும். நல்ல படலத்தின் பசையில் காற்று வெளியேற நுண்ணிய வாய்க்கால்கள் உண்டு; மலிவானதில் இல்லை, அதில் குமிழி நிச்சயம். எத்துணைக் கவனமாக ஒட்டினும் கட்டைவிரல் பதியும் மூலை வியர்வையில் முதலில் எழும்பும். எழும்பிய பசையில் தூசு சேர்ந்து, நகக்கண் அழுக்குபோல ஒரு கருங்கோடு விழும். அதைப் போக்கும் வழி யாம் கண்டிலம்.

கீழே விழுந்தால் காக்குமோ எனின், காக்காது. அரை மில்லிமீட்டர்கூட வராத படலம் அது. கீறலை மட்டுமே தடுக்கும். கீறல் அத்தனை இழிவோ எனின், லைக்கா நிறுவனத்தைக் கேட்க. பாடகர் லென்னி கிராவிட்ஸின் வடிவமைப்பில் 2015-இல் 125 கேமராக்களை அது விற்றது. கறுப்புப் பூச்சைக் கையாலேயே தேய்த்து, உள்ளிருக்கும் பித்தளை தெரியச் செய்து, புதுசு விலைக்கும் மேலான விலை வைத்தது. அதையும் வாங்கினார்கள்.

ஆகவே ஸ்கின்னின் உண்மைப் பயன் மறுவிற்பனையே என்று நிறுவ முயல்வர். 'பாடியில் ஒரு கீறல் இல்லை' என்று விளம்பரம் கொடுக்கலாம் அல்லவா? கொடுக்கலாம். வாங்க வருபவரோ ஷட்டர் கவுன்ட் கேட்பதற்கு முன்பே சொல்கிறார்: "மொதல்ல அந்த ஸ்கின்ன உரிங்க சார். உள்ள எவ்ளோ அடி வாங்கிருக்குன்னு பாக்கணும்."